ஒரு விலையில் திட்டமிட்டு இன்னொரு விலையில் போய்ச் சேர்ந்த மாநாடு: ஹூஸ்டன், மே 2016

ஹூஸ்டனில் மே மாத முதல் வாரத்தில் கூடும், கடலடி எண்ணெய்த் துறையினரின் ஓ.டி.சி. எனப்படும் கடல்சார் தொழில்நுட்ப மாநாட்டின் மூன்று ஆண்டுக் கணக்கை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். 2014இல் வந்தவர்கள் 1,08,300 பேர். கண்காட்சிப் பரப்பு சுமார் 6,80,000 சதுர அடி. 2015இல் 94,700 பேர்; பரப்போ கூடிப்போய் 6,95,000 சதுர அடியை ஒட்டி நின்றது. 2016இல் சுமார் 68,000 பேர்தான், பரப்பு 6,72,000. இரண்டே ஆண்டுகளில் கூட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. ஸ்டால்கள் மட்டும் ஏறத்தாழ அப்படியே இருந்தன.

காரணம் எளியது. ஸ்டாலுக்கான இடத்தை நிறுவனங்கள் பல மாதங்களுக்கு முன்பே, பெரும்பாலும் முந்தைய மாநாடு முடிந்த சூட்டோடு, பிடித்து வைத்துவிடுகின்றன. விமான டிக்கெட்டை ஏப்ரலில் கூட ரத்து செய்யலாம். 2014 ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலரைத் தொட்ட பிரென்ட் கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 28 டாலருக்கும் கீழே போனது. கடலுக்கடியில் துளையிடும் தொழில் இந்த விலையைப் பார்த்துத்தான் மூச்சு விடுகிறது. அதன் மாநாடும் அப்படித்தான். ஆனால் மாநாட்டுக்குப் போகிறவர் தன் முடிவுகளை எட்டு மாதத்துக்கு முந்தைய விலையை வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் குழு 2016 மாநாட்டுக்குத் தயாரான கதையை இந்த இடைவெளியை முன்வைத்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த இடைவெளி அந்த ஆண்டுக்கு மட்டும் உரியதல்ல. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள். பதின்மூன்றாம் நாள் ஹூஸ்டனில் மாநாடு தொடங்கியது. நிகழ்ச்சி நிரல் எப்போதோ முடிவாகியிருந்தது. வந்தவர்கள் பேசியது வேறு. 2020 மே மாதத்துக்குத் திட்டமிட்ட மாநாடு பெருந்தொற்றால் முதலில் தள்ளிப்போய், பிறகு ரத்தே ஆனது. 1969இல் தொடங்கிய இந்தக் கூட்டம் ஏற்ற இறக்கங்களுக்குப் பழகியதுதான். போகிறவர்கள்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திகைத்து நிற்கிறார்கள்.

நாங்கள் யார், எதற்குப் போனோம்

எங்களுடையது மிதக்கும் உற்பத்திக் கலங்களின் நங்கூர அமைப்பை வடிவமைத்துத் தரும் சிறு ஆலோசனை நிறுவனம். எஃப்.பி.எஸ்.ஓ. என்று தொழிலில் சொல்லப்படும் இந்தக் கலங்கள் கப்பல் போலத் தோன்றினாலும் துறைமுகத்துக்குத் திரும்புவதில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று, கிணறுகளிலிருந்து வரும் எண்ணெயைப் பிரித்து, சேமித்து, வேறு கப்பலுக்கு ஏற்றிவிடும். அவற்றைப் பிடித்து நிறுத்துபவை சங்கிலிகளும் கம்பி வடங்களும் பாலியெஸ்டர் கயிறுகளும். இவை அறுந்தால் என்ன ஆகும் என்பது வெறும் கற்பனை அல்ல. 2011 பிப்ரவரியில் வடகடல் புயலில் கிரிஃபின் ஆல்ஃபா என்ற கலம் நான்கு நங்கூர இணைப்புகளை இழந்து இடம்பெயர்ந்தது. 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டில் உலகெங்கும் நிரந்தர நங்கூர அமைப்புகளில் இருபதுக்கும் மேற்பட்ட முறிவுகள் நடந்ததாக இதே ஹூஸ்டன் மாநாட்டில் 2013இல் ஒரு தொகுப்பு முன்வைக்கப்பட்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்த மாநாடு வேண்டியதாக இருப்பது இதனால்தான். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வெற்றியை எங்கும் சொல்லும். எது எப்படி உடைந்தது என்பதை எல்லா இடத்திலும் சொல்லாது. அங்கோலாவுக்கு அப்பால் ஆழ்கடலில் உள்ள கிராசோல் எண்ணெய் வயலில் எண்ணெய் ஏற்றும் மிதவையின் சங்கிலிகள் பொருத்திய சில மாதங்களிலேயே முறிந்தன. இருபது ஆண்டு தாங்க வேண்டியவை அவை. தொழிற்சாலையில் சோதனை இழுவை கொடுக்கும்போது கண்ணிகள் தொட்டுக்கொள்ளும் இடம் நசுங்கிப் பதிந்துவிடுகிறது. அதன்பின் கண்ணி சுழன்று கொடுக்காமல் பக்கவாட்டில் வளைகிறது. மிதவை ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்த வளைவு சேர்ந்து, உலோகம் சோர்ந்து உடையும் களைப்பு முறிவில் முடிகிறது. இழுவிசையை மட்டும் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஒரு துறைக்கு இது புது நோய். 2005 மாநாட்டில் இதை விவரித்த கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கச் சங்கிலிக் கணக்கே மாறியது. அப்படி ஒரு கட்டுரை வாசிக்கப்படும் அறையில் உட்கார்ந்திருப்பதற்கும், அதைப் பிறகு இணையத்தில் வாங்கிப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் கேள்வி நேரத்தில்தான் தெரியும்.

செப்டம்பர்: இரண்டு சுருக்கங்கள்

மே மாத மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கத்தை முந்தைய செப்டம்பர் வாக்கில் அனுப்ப வேண்டும். ஆண்டு முடிவதற்குள் ஏற்பா மறுப்பா என்று தெரியும். முழுக் கட்டுரை ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். கட்டுரை வரவில்லை என்றால் மேடை கிடையாது. இதில் தயவு தாட்சண்யம் இல்லை. விளம்பர வாடை அடித்தாலும் திருப்பிவிடுவார்கள்.

2015 செப்டம்பரில் விலை ஐம்பது டாலரை ஒட்டி இருந்தது. விழுந்தது மறுபடி எழும் என்றுதான் எங்கள் தலைமை நம்பியது. அவர்கள் அனுப்பச் சொன்னது ஒரே சுருக்கம்: புதிய ஆழ்கடல் வயல் ஒன்றுக்காக நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த பாலியெஸ்டர் கயிற்று வடிவமைப்பு. பளபளப்பான விஷயம், அழகான படங்கள். எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் மட்டும் இன்னொன்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று பிடிவாதம் பிடித்தார். வெப்பமண்டலக் கடலில் பல ஆண்டுகளாக நிற்கும் பழைய கலம் ஒன்றின் சங்கிலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஆர்.ஓ.வி. எனப்படும் நீரடி இயந்திரத்தைக் கொண்டு அளந்த வேலை அது. துருப்பிடித்த சங்கிலியைப் பார்க்க யார் வருவார்கள் என்ற கேலியோடு அதுவும் போனது.

இரண்டும் ஏற்கப்பட்டன. டிசம்பரில் புதிய வயல் திட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. மறுவாரமே வாடிக்கையாளரிடமிருந்து கடிதம்: அந்த வடிவமைப்பைப் பற்றி வெளியே எதுவும் பேச வேண்டாம். அத்தோடு முதல் கட்டுரை செத்தது. முடிவாகாத திட்டத்தை நம்பி ஒரே ஒரு சுருக்கத்தை அனுப்பியிருந்தால் எங்களுக்கு மேடையே இருந்திருக்காது. இதை முன்யோசனை என்று மெச்ச நான் தயாரில்லை. நிதி முடிவு எடுக்கப்படாத திட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட, ஏற்கெனவே கடலில் கிடக்கும் இரும்பைப் பற்றிப் பேசுவது எந்த விலையிலும் செல்லும் என்பதுதான் விஷயம்.

அனுமதி என்னும் மலை

வெளியார் யாரும் இந்தப் பகுதியைப் பற்றி எச்சரிப்பதில்லை. ஒரு கடல் வயல் பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமில்லை. நடத்துபவர் ஒருவர், பங்காளிகள் சிலர், கலத்தின் உரிமையாளர் தனி, ஆய்வு நடத்திய ஒப்பந்தக்காரர் தனி. தரவு யாருடையது என்பதிலேயே வழக்கு வரலாம். கட்டுரையின் ஒவ்வொரு வரைபடத்துக்கும் இவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜனவரி முதல் வாரத்தில் வரைவை, வயலை நடத்தும் நிறுவனத்தில் கட்டமைப்புகளின் உறுதியைக் கண்காணிக்கும் பிரிவின் அதிகாரிக்கு அனுப்பினோம். மின்னஞ்சல் திரும்பி வந்தது. அவருடைய வேலை போய்விட்டிருந்தது. அவருக்கு அடுத்தவரும் இல்லை. எங்கள் கட்டுரையைப் பற்றி அந்த நிறுவனத்தில் அறிந்த ஒரே ஆள் சட்டப் பிரிவில் இருந்த ஓர் உதவியாளர்தான். செப்டம்பரில் நகல் போட்ட புண்ணியம். அவர் வழியாகத்தான் பொறுப்பை ஏற்றிருந்த புதியவரைப் பிடித்தோம். கலத்தின் பெயர், வயலின் பெயர், நீராழம் மூன்றையும் எடுத்துவிட்டால் சம்மதம் என்றார். எடுத்தோம். ஆழம் இல்லாத நங்கூரக் கட்டுரை அரைகுறைதான். ஆனாலும் தேய்மான அளவுகள் அப்படியே இருந்தன. எங்களுக்கு வேண்டியது அவைதான். அனுமதிக் கோரிக்கையை ஒருவரை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது, குறைந்தது மூன்று பிரிவுகளுக்கு நகல் போக வேண்டும் என்பது இப்போது எங்கள் அலுவலக நடைமுறை.

ஸ்டால் வேண்டாம் என்ற முடிவு

முந்தைய ஆண்டுகளில் பத்துக்குப் பத்து அடி ஸ்டால் ஒன்றை எடுப்போம். அதன் செலவு இடவாடகையோடு நிற்பதில்லை. அமெரிக்கக் கண்காட்சிகளில் சரக்கு வண்டி கூடத்தின் பின்வாசலில் பெட்டியை இறக்கிய பிறகு, அங்கிருந்து ஸ்டால் வரை கொண்டுவருவதற்கும், காலிப் பெட்டியை வைத்திருந்து கடைசி நாளில் திருப்பித் தருவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. நூறு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு சங்கிலிக் கண்ணியை மாதிரிக்குக் கொண்டுபோய் வைத்தால், கடல் கடந்து வந்த செலவுக்குப் போட்டியாக அந்தக் கடைசி நூறு கஜத்தின் செலவு வந்து நிற்கும். கம்பளம், மின் இணைப்பு, நாற்காலி எல்லாம் வாடகை. இதற்கு மேல், ஸ்டாலில் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டும். சிறு குழுவில் அந்த ஒருவர் பெரும்பாலும் அமர்வுகளுக்குள் இருந்திருக்க வேண்டியவர்.

எங்களுக்கு ஸ்டாலில் வந்து வேலை கொடுத்தவர் யார் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை. பேனாவும் பையும் வாங்கிப்போனவர்கள் பட்டியல்தான் நீளமாக இருந்தது. குழாய்களும் வால்வுகளும் விற்பவர்களுக்கு ஸ்டால் அவசியம். பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுக் கொடுப்பவர்களுக்கு அது வெறும் நிழற்குடை. எனவே நான்கு பேர் போவதாக இருந்த பயணம் இருவராகச் சுருங்கியது. ஸ்டால் இல்லை, ஒரு கட்டுரை, முன்கூட்டியே குறித்த சந்திப்புகள். மாநாட்டில் கலந்துகொள்ளவும் வணிகப் பேச்சுக்கும் பி-1 என்ற அமெரிக்க வணிகப் பயண விசா போதும். நேர்காணலுக்கான காத்திருப்பைக் கணக்கில் வைத்து, கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் வந்த உடனே விண்ணப்பித்தோம்.

தங்குமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாநாடு நடக்கும் என்.ஆர்.ஜி. வளாகத்தை ஒட்டி விடுதி தேடி அலைவதை விட, மெட்ரோ ரயிலின் சிவப்புப் பாதையில் எங்கேனும் தங்குவது உத்தமம். நகர மையத்திலிருந்தும் மருத்துவமனை வட்டாரத்திலிருந்தும் அந்த ரயில் வளாகத்தின் வாசலுக்கே வருகிறது. கட்டணம் ஒன்றேகால் டாலர். வாடகைக் காரில் வந்தவர்கள் காலையில் வரிசையில் நின்று வெந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏப்ரல் பதினெட்டாம் தேதி வாக்கில் நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் இடி மழையைப் பற்றிய பேச்சு எல்லா வாயிலும் இருந்தது. வெளியே புழுக்கம், உள்ளே குளிர். மேற்சட்டை இல்லாமல் அமர்வு அறைகளில் அரை நாள் தாங்காது.

கூடத்துக்குள்

2014இல் வந்திருந்தபோது நடைபாதைகளில் தோளோடு தோள் உரசாமல் நகர முடிந்ததில்லை. 2016 மே இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை, பெரிய நிறுவனங்களின் இரண்டு மாடி ஸ்டால்கள் வழக்கம்போல் எழும்பி நின்றன. கீழே நின்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். வராமல் போனவர்களின் இடத்தில் சோபாக்களைப் போட்டு ஓய்விடம் என்று பலகை வைத்திருந்தார்கள். வந்தவர்களில் கணிசமானோர் நீட்டியது வணிக அட்டையை அல்ல, தன்விவரக் குறிப்பை. என்னிடமே ஒருவர் தயங்கித் தயங்கி, "நீங்கள் ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். அவருடைய அனுபவம் எங்கள் மூத்தவரின் அனுபவத்துக்குச் சமம். இல்லை என்று சொல்லிவிட்டு அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அது பிறகு பயன்பட்டது, அதைச் சொல்கிறேன்.

கூட்டம் குறைந்ததில் ஒரு லாபம் இருந்தது, அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நெரிசல் ஆண்டில் ஒரு சங்கிலி உற்பத்தியாளரின் தலைமை உலோகவியலாளரிடம் இரண்டு நிமிடம் கிடைப்பது பெரும்பாடு. அந்த ஆண்டு அவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். வியாழக்கிழமை காலை இன்னும் தாராளம்: விற்பனை ஆட்கள் விமானம் ஏறிவிடுவார்கள், பெட்டி கட்டக் காத்திருக்கும் பொறியாளர்கள் மட்டும் ஸ்டாலில் இருப்பார்கள். கேள்வி உள்ளவர்கள் அந்த அரை நாளைத் தவறவிடக் கூடாது.

இன்னொன்று. எண்ணெய் நிறுவனங்கள் அந்த ஆண்டு தங்கள் ஆட்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தருவதைக் குறைத்திருந்தன. நாங்கள் சந்திக்க நினைத்தவர்களில் பாதிப் பேர் மாநாட்டுப் பக்கமே வரவில்லை, ஆனால் நகரின் மேற்கே எனர்ஜி காரிடார் வட்டாரத்து அலுவலகத்தில் இருந்தார்கள். ஆகவே செவ்வாய் மதியத்தை அங்கே கழித்தோம். மாநாட்டுக்காக ஹூஸ்டன் போகிறவர் மாநாட்டுக் கூடத்துக்குள்ளேயே நான்கு நாளையும் கழிப்பது வீண் என்பது என் கருத்து.

ஒரு கேள்வி

எங்கள் கட்டுரைக்குக் கிடைத்தது கேள்விகளையும் சேர்த்துச் சுமார் இருபது நிமிடம். துருப்பிடித்த சங்கிலிக்கு யார் வருவார்கள் என்ற கேலிக்கு அறையே பதில் சொன்னது: நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. புதிய கலம் கட்டப் பணம் இல்லை. இருக்கிற கலத்தை இன்னும் ஐந்தாண்டு ஓட்ட வேண்டும். ஆயுள் நீட்டிப்பு என்பது அந்த ஆண்டின் தாரக மந்திரமாகிவிட்டது. செப்டம்பரில் பளபளத்த பாலியெஸ்டர் கயிறு மே மாதத்தில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் சொன்னதன் சாரம் இது. அலை அடிக்கும் மேற்பகுதியில் சங்கிலியின் விட்டம் ஆண்டுக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை குறையும் என்று வைத்து வடிவமைப்பது வழக்கம். வெப்பமண்டலக் கடலில் அந்தக் கணக்கு எப்போதும் நிற்பதில்லை. ஸ்கார்ச் என்ற கூட்டு ஆய்வு, நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் சத்துக்கும் நுண்ணுயிர்களால் விழும் குழிகளுக்கும் தொடர்பைக் காட்டியிருந்தது. எங்கள் சங்கிலியிலும் சீரான தேய்மானத்தைவிட ஆழமான குழிகளே கவலை தந்தன. விட்டத்தை மட்டும் அளக்கும் கருவிக்குக் குழியின் ஆழம் தெரியாது.

மூன்றாம் வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். மார்பு அட்டையில் நிறுவனப் பெயர் இல்லை.

"அளப்பதற்கு முன் சங்கிலியை எதைக் கொண்டு சுத்தம் செய்தீர்கள்?"

"உயரழுத்த நீர்ப் பீச்சு" என்றார் எங்கள் பொறியாளர்.

"பாசியும் கொட்டலசும் மட்டும் போயினவா, அடியிலிருந்த துருப் படலமும் போயிற்றா?"

"வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்தோம். இல்லையென்றால் அளவு சரியாக வராது."

"அப்படியானால் அடுத்த முறை நீங்கள் அளக்கப்போவது கடல் தின்றதையா, நீங்கள் திறந்துவிட்டதையா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. எங்கள் பொறியாளர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். கெட்டிப்பட்ட துருப் படலம் ஓரளவு பாதுகாப்பாகவும் இருக்கிறது. அதை உரித்துவிட்டால் புது உலோகம் உப்புநீருக்கு நேராகத் திறக்கிறது. அதே கண்ணிகளையே ஒவ்வொரு ஆய்விலும் சுத்தம் செய்து அளந்தால், நாம் கணிக்கும் தேய்மான வேகம் சங்கிலியின் மற்றப் பகுதிகளுக்குப் பொருந்தாது. அச்சில் உள்ள வழிகாட்டிகளில் இதற்கான எச்சரிக்கை சாயலாக இருக்கத்தான் செய்கிறது. எங்கள் ஆய்வு நெறிமுறையில் அது இல்லை. அமர்வு முடிந்ததும் அவரைப் பிடித்து உணவுக்கூடத்தில் உட்காரவைத்தோம். ஒரு காகிதக் கைத்துண்டில் அவர் கண்ணியை வரைந்து, தொடவே கூடாத ஒப்பீட்டுக் கண்ணிகளை எங்கே விட வேண்டும், ஒவ்வோர் ஆய்விலும் புதிதாகச் சுத்தம் செய்பவை எவை என்று குறித்துக் கொடுத்தார். ஓய்வு பெற்றவர். தன் செலவில் வந்திருந்தார்.

கணக்கு

திரும்பியபின் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது என்று போகும் முன்பே முடிவு செய்திருந்தோம். விமானத்திலேயே பெரும்பகுதி முடிந்தது. அலுவலகத்துக்கு வந்தபின் எழுதுகிறேன் என்றவர்கள் யாரும் எழுதியதை நான் பார்த்ததில்லை.

நேரடி வரவு என்று பார்த்தால் ஒன்றுதான். எனர்ஜி காரிடாரில் சந்தித்த நிறுவனம் ஒன்று, இலையுதிர் காலத்தில் தன் பழைய கலத்தின் சங்கிலி ஆய்வுக்கு நெறிமுறை எழுதித் தரச் சொன்னது. அந்த வேலைக்குக் களத்தில் நிற்க அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டார். வேலை கேட்டு என்னிடம் அட்டை கொடுத்தவரை அழைத்தோம். அதற்குள் அவர் வேறு தொழிலுக்குப் போகும் விளிம்பில் இருந்தார், ஒப்பந்த அடிப்படையில் வரச் சம்மதித்தார். ஆய்வில் எந்தக் கண்ணிகளை உரிப்பது, எவற்றை விடுவது என்பதற்கான பட்டியல் அந்தக் கைத்துண்டை ஒட்டியே தயாரானது.

தோல்விகளும் உண்டு. காலை உணவு, மதிய உணவு அமர்வுகளுக்குத் தனிச் சீட்டு வாங்கிப் போனதில் பயன் ஒன்றும் இல்லை. பெரிய நிறுவனத் தலைவர்கள் பேசியது செய்தித்தாளில் வந்ததைத் தாண்டவில்லை. பல்கலைக்கழகக் குழுக்களின் பகுதிக்குப் போகவே நேரம் ஒதுக்கவில்லை. குழி ஆழத்தை ஒளிப்படங்களிலிருந்து கணிக்கும் வேலை அங்கே ஏதேனும் இருந்ததா என்று இப்போது யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. உற்பத்தியாளரின் உலோகவியலாளர் தருவதாகச் சொன்ன சோதனைத் தரவு வரவே இல்லை. அவர்கள் அனுமதி வாங்கும் மலையில் எங்கோ நிற்கிறது.

அடுத்த செப்டம்பர் வந்தபோது அலுவலகத்தில் பெரிய விவாதம் எழவில்லை. சுத்தம் செய்த கண்ணிகளையும் செய்யாத கண்ணிகளையும் ஒப்பிடும் ஒரு சுருக்கம், வடகடலில் வேறொரு குழு செய்த பழைய அளவுகளை மறுபடி ஆராயும் இன்னொன்று. இரண்டுக்கும் வாடிக்கையாளர் தரப்பில் மூன்று பிரிவுகளின் எழுத்துமூலச் சம்மதம் சுருக்கத்தை அனுப்பும் முன்பே கைக்கு வந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் எண்ணெய் விலை மெல்ல ஏறியிருந்ததால் ஸ்டால் எடுக்கலாமா என்று விற்பனைப் பிரிவு ஒரு முறை கேட்டது. பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் எங்கள் மூத்தவர். அத்தோடு பேச்சு கட்டுரைத் தலைப்புக்குத் திரும்பியது.